சிவப்புத் தொட்டியில் நூற்று நாற்பத்து மூன்று கேள்விகள்

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியவந்தால் இன்னும் அசிங்கம். ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து நான் கைப்பட எழுதிய கேள்விகளில் நூற்று நாற்பத்து மூன்றை எரித்துவிடலாம் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதுவும் பச்சை மையில். தனியார் கல்லூரி வேதியியல் வாத்தியாருக்குப் பச்சை மை எதற்கு என்று என் மனைவி பதினைந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். 

இடம், எங்கள் கல்லூரி வாசல். சூளகிரிக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. பர்கூர்ப் பக்கமிருந்து கிரானைட் ஏற்றி வரும் லாரி கடந்தால் வகுப்பறைப் பெஞ்சு நடுங்கும். கொத்தமல்லித் தழை ஏற்றிய டெம்போ கடந்தால் அரை நிமிடம் ஊரே ரசம் வைப்பதுபோல் மணக்கும். அன்றைக்கு இரண்டும் ஒன்றாகக் கடந்தன. நான் சேலத்தில் ஒரு வார விடைத்தாள் திருத்தும் முகாமுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் பை, இன்னொரு கையில் பாதி கடித்த போண்டா.

சகாயராஜ் பரீட்சை அட்டையோடு ஓடி வந்தான். இரண்டாம் ஆண்டு மாணவன். காலை ஷிப்டு முடித்து, ஆலைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தான்.

"சார், மூணு சைன் சார்."

"என்னப்பா இது?"

"ஒண்ணு லீவ் லெட்டர், ஒண்ணு ஐடி கார்டு. மூணாவது ரூம் கிளீனிங் சார். ஆய்வுக் குழு வருதில்லீங்களா, எச்.ஓ.டி. மேடம் சுத்தம் பண்ணச் சொன்னாங்க."

பொறுப்பான பிள்ளை என்று நினைத்தேன். போண்டாவைப் பல்லில் கவ்விக்கொண்டு மூன்றிலும் கையெழுத்துப் போட்டேன். எதையும் படிக்கவில்லை. மாணவர்களைப் பார்த்து "கேள்வியை முழுசாப் படிச்சிட்டு எழுதுங்கய்யா" என்று இருபத்தொரு வருடமாகக் கத்துகிறவன் நான்.

அந்தக் கையெழுத்து என்ன செய்தது என்பதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் அந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று சொல்ல வேண்டும். (போன வாரம் இதே பத்தியில் என் ஸ்கூட்டர் புராணத்தைப் படித்துவிட்டு, "விஷயத்துக்கு எப்போது வருவீர்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஐயா, நான் வருவது வழக்கமில்லை. விஷயம்தான் என்னிடம் வரும்.)

பத்து முறை படித்தவன்

நான் கல்லூரியில் படித்த காலத்தில் எதையும் பத்து முறை படிப்பேன். கிருஷ்ணகிரி அணைப் பூங்காவில் நடந்துகொண்டே படிப்பேன். பத்தாவது முறை படிக்கும்போது எல்லாமே தெரிந்த முகங்களாகச் சிரிக்கும். தேர்வு எழுதுவேன், பாஸாவேன். வீட்டுக்குப் பஸ் ஏறினால் பர்கூர் வருவதற்குள் என்ட்ரோபி போய்விடும். வீடு வந்து சேரும்போது பையில் டிபன் பாக்ஸ் மட்டும்தான் மிச்சம்.

இதே வியாதியைத்தான் இருபத்தொரு வருடமாக மாணவர்களுக்கும் தொற்ற வைத்தேன். "நல்லாப் படிங்க, மறுபடி மறுபடி படிங்க."

அப்புறம் ஒரு கோடையில் பெங்களூரு நடைபாதையில், மனதைப் பற்றிய பழைய புத்தகம் ஒன்று வாங்கினேன். அட்டை கிழிந்துபோயிருந்ததால் பெயர் சொல்ல முடியவில்லை. அதில் ஓர் அத்தியாயம் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பி நிற்க வைத்தது. திரும்பத் திரும்பப் படித்தால் தெரிந்த மாதிரி ஒரு பிரமைதான் வருமாம். புத்தகத்தை மூடிவிட்டு, "அதில் என்ன இருந்தது?" என்று மண்டைக்குள்ளிருந்து இழுத்து எடுத்தால்தான் விஷயம் நிற்குமாம். அதையும் உடனே செய்யக்கூடாது. கொஞ்சம் மறக்கவிட வேண்டும், பிறகு இழுக்க வேண்டும். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி விட வேண்டும். தப்பாகச் சொன்னதைச் சீக்கிரம் கேட்க வேண்டும், சரியாகச் சொன்னதைத் தாமதமாகக் கேட்க வேண்டும்.

கதிரியக்கத் தனிமத்துக்கு அரை ஆயுட்காலம் இருப்பதுபோல மறதிக்கும் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முறை நினைவிலிருந்து இழுக்கும்போதும் அந்த அரை ஆயுட்காலம் நீள்கிறது! இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை? சொல்லியிருப்பார்கள். நான் மறந்திருப்பேன்.

பத்திரிகைகளுக்கு மறுவாழ்வு

கேள்விகளை எழுத அட்டை வேண்டுமே. எங்கள் வீட்டுப் பரணில் இருபது வருடக் கல்யாணப் பத்திரிகைகள் இருந்தன. குப்பையில் போட்டால் நல்லதில்லை என்று மனைவி சேர்த்து வைத்தவை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் உண்டு. பிள்ளையார் போட்டது, சிலுவை போட்டது, ரோஜாப்பூ எழும்பி நிற்பது என்று பல ரகம். மூலையில் மஞ்சள் தடவியிருக்கும். எல்லாவற்றையும் கைக்கு அடக்கமாக வெட்டி, அச்சில்லாத பக்கத்தில் அட்டைக்கொரு கேள்வி எழுதினேன். முந்நூறுக்கு மேல் தேறியது. பதில்கள் ஒரு தனி நோட்டில், 'கூடும்', 'நகராது' என்று ஒற்றைச் சொல்லில். கேள்விகளுக்குப் பிரதி எடுக்கவில்லை. எழுதியவனுக்கே மறக்குமா என்ற தைரியம்.

"நம்ம பத்திரிகையும் போச்சா?" என்றாள் மனைவி.

தேடிப் பார்த்தேன். போயிருந்தது. பின்பக்கம் என் கையெழுத்திலேயே இருந்தது: 'மீளா வினைக்கு ஓர் எடுத்துக்காட்டு தருக.'

அவள் அதை வாங்கிப் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள். அன்று மாலை காபி வரவில்லை.

ஓசூர்க் கடைவீதியில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று பிளாஸ்டிக் தொட்டிகள் வாங்கினேன். போக்குவரத்து விளக்கு மாதிரி. வகுப்பு தொடங்கியதும் முதல் பதினைந்து நிமிடம் நோட்டை மூடிவிட வேண்டும். பத்திரிகைப் படம் அவர்களைப் பார்த்திருக்க, நான் அட்டையைத் தூக்கிப் பிடித்துக் கேட்பேன். அவர்கள் துண்டுத்தாளில் எழுதுவார்கள். பலருக்குத் தெரியவில்லையென்றால் அட்டை சிவப்பில் விழும், மறுநாளே திரும்ப வரும். பாதி தெரிந்தால் மஞ்சள், மூன்று நாள் கழித்து வரும். தெரிந்தால் பச்சை, ஒரு வாரம் கழித்து வரும்.

ஓசூரில் சிக்னலுக்கா பஞ்சம்? பச்சைப் பிள்ளைக்கும் புரியும் என்று நினைத்தேன். அங்கேதான் கோட்டைவிட்டேன்.

மஞ்சுளாவின் மூன்றாவது முயற்சி

எங்கள் மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள். காலை ஷிப்டுக்காரர்களுக்கு மதியம் வகுப்பு, மதிய ஷிப்டுக்காரர்களுக்குக் காலையில் வகுப்பு. ஷிப்டு மாறினால் வகுப்பும் மாறும். ஒரே பாடத்தை இரண்டு முறை நடத்துகிறேன் என்று நான் பெருமையாகச் சொல்வதுண்டு. இரண்டு முறையும் புரியவில்லை என்று அவர்கள் சொல்வதுண்டு.

இவர்களோடு மஞ்சுளா வந்து உட்கார்ந்தாள். படிப்பை முடித்துப் போனவள். எல்லாத் தாளும் பாஸ், இயற்பியல் வேதியியல் மட்டும் அரியர். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் போய்விட்டது. ஜூஜுவாடிக்காரி. வீட்டில் தெலுங்கு, வேலையிடத்தில் கன்னடம், கல்லூரியில் தமிழ், தேர்வில் ஆங்கிலம். நாலாவது மொழியில்தான் மாட்டிக்கொண்டோமோ என்று அவளுக்கே சந்தேகம் இருந்தது.

ஒரு முலாம் பூசும் ஆலையில் அவளுக்கு வேலை. சின்னச் சின்ன இரும்புப் பாகங்களைக் கொக்கியில் மாட்டித் தொட்டியில் இறக்க வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடி. பக்கத்துக் கண்ணாடி அறையில் ஆய்வகம். அங்கே உட்கார்ந்து தொட்டிக் கரைசலைச் சோதிக்கிற பெண் கல்யாணமாகிப் போகிறாள். மேலாளர் மஞ்சுளாவிடம் சொல்லியிருந்தார்: "இந்த ரிசல்ட் வர்ற வரைக்கும் சீட்டைப் பிடிச்சு வெக்கிறேன். டிகிரி சர்டிபிகேட்டோட வா, வெள்ளைக் கோட்டு போட்டுக்கோ. இல்லேன்னா ஏஜென்சில இருந்து ஆள் வரும்." வராவிட்டால் கொக்கி மாட்டும் வேலையும் நிச்சயமில்லை. ஒப்பந்தம் அதே மாதம் முடிகிறது.

முதல் நாளே தன் நோட்டை என் முன்னால் விரித்தாள். ஆடிமாத மாரியம்மன் சீரியல் செட் மாதிரி மின்னியது.

"மூணு கலர்ல அடிச்சிருக்கேன் சார். இன்னும் என்ன பண்றதுன்னு தெரியல."

"பரீட்சையில என்னம்மா ஆகுது?"

"எந்தப் பக்கம், எந்த மூலை, என்ன கலர், எல்லாம் ஞாபகம் வருது சார். அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னுதான் வரல."

நான் துள்ளி எழுந்தேன். புத்தகத்தில் படித்த வியாதி, உயிரோடு என் எதிரில் உட்கார்ந்திருக்கிறது! பாவம், அவள் அழும் நிலையில் இருந்தாள். நானோ நோயைக் கண்டுபிடித்துவிட்ட மருத்துவன்போலச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சீட்டாடும் வாத்தியார்

முதல் வாரம் மயான அமைதி. அட்டையைத் தூக்கினால் நாற்பத்திரண்டு தலைகளும் பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடும். "தெரியலைன்னா தப்பா எழுதுங்க, வெறும் தாள் வேண்டாம்" என்றேன். தப்பாக எழுதச் சொன்ன முதல் வாத்தியார் நானாகத்தான் இருப்பேன். அந்தச் சுதந்திரம் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. வினையூக்கிக்கு ஒருவன் எழுதிய விளக்கத்தை இங்கே அச்சிட முடியாது.

மூன்றாவது வாரம் எல்லாம் மாறியது. வகுப்புக்கு ஓடி வந்தார்கள். "சார், நேத்து சிவப்பு போட்டீங்களே, அதை இன்னைக்குக் கேளுங்க" என்று வம்புக்கு இழுத்தார்கள். போன வாரம் ஊமையாக இருந்தவன் 'முதல் வகை வினையின் அரை ஆயுட்காலம் தொடக்கச் செறிவைச் சார்ந்ததல்ல' என்று கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோலச் சொன்னான். இருபத்தொரு வருடத்தில் முதன்முறையாக மணி அடித்ததும் நான் சலித்துக்கொண்டேன்.

சகாயராஜைத் தொட்டிகளுக்குப் பொறுப்பாளன் ஆக்கினேன். இது ஒரு நவீனக் கண்டுபிடிப்பு என்று அவனிடம் அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான்.

"எங்க கோயில்ல மறைக்கல்வி டீச்சரம்மா இதைத்தான் சார் பண்ணுவாங்க. இந்த ஞாயித்துக்கிழமை தப்பாச் சொன்னா அடுத்த ஞாயிறு முதல் கேள்வி அதான். பத்து வருசம் ஆச்சு, இன்னும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்."

நான் புத்தகத்தைப் பைக்குள் வைத்தேன்.

அடுத்த நாள் துறைத்தலைவர் நாகரத்தினா மேடம் கூப்பிட்டார். மைசூருப் பக்கத்துக்காரர். கோபம் வந்தால் கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார்.

"ஏன்ரீ, கிளாஸல்லி கார்ட்ஸ் ஆடிஸ்தீரந்தெ?"

நான் வகுப்பில் சீட்டாட வைக்கிறேன் என்று யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். சீட்டுகளின் தன்மையை விளக்கினேன். மறதியின் அரை ஆயுட்காலத்தைப் பலகையில் வரைபடமாகவே போட்டுக் காட்டினேன்.

"எல்லாம் சரி" என்றார். "தினம் பதினஞ்சு நிமிஷம் போகுது. போர்ஷன் முடியலைன்னா நீங்கதான் பதில் சொல்லணும். அந்த ஜூஜுவாடிப் பொண்ணு மறுபடி பெயிலானாலும் நீங்கதான்."

பளபளவென்று ஒரு தொட்டி

இப்போது அந்தக் கையெழுத்துக்கு வருகிறேன்.

சேலத்திலிருந்து திரும்பி வகுப்புக்குள் நுழைந்தேன். பினாயில் வாசனை. மூன்று தொட்டிகளும் தரையில் மஞ்சள் பட்டை ஒட்டிய கட்டத்துக்குள் அளவெடுத்து நின்றன. சிவப்புத் தொட்டி காலி. அடியில் என் முகம் தெரிந்தது.

"கார்டெல்லாம் எங்கப்பா?"

"ஸ்கிராப் பண்ணியாச்சு சார்" என்றான் சகாயராஜ், பதக்கம் வாங்க நிற்பவன்போல.

"என்னது?"

"ரெட் பின் நெறைஞ்சிருச்சு சார். உங்க சைன் இருக்கே."

தாளை நீட்டினான். ஆலையில் கழிவுப் பொருளுக்கு எழுதும் படிவத்தை அப்படியே பார்த்து எழுதியிருந்தான். பொருள்: வினா அட்டை. எண்ணிக்கை: 143. குறைபாடு: விடை வரவில்லை. முடிவு: அழிக்கவும். கீழே பச்சை மையில் நான்.

ஓசூரில் சிக்னலைப் பார்க்கும் நேரத்தைவிட இந்தப் பிள்ளைகள் தொட்டியைப் பார்க்கும் நேரம் அதிகம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த ஆலைக்குப் போனாலும் பச்சைத் தொட்டி என்றால் நல்ல சரக்கு, மஞ்சள் என்றால் திருத்த வேண்டியது, சிவப்பு என்றால் கழித்துக்கட்ட வேண்டியது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. அதை யாரும் மறப்பதில்லை, ஏனென்றால் தினமும் கேட்பார்கள்.

"தப்பு கேள்வியில இல்லடா, நம்மகிட்ட!"

"சார், ஒருத்தன் பெயிலானா அவன்கிட்டத் தப்பு. நாப்பத்திரண்டு பேரும் பெயிலானா அளக்குற கேஜ்ல தப்பு. எங்க சூப்பர்வைசர் அப்படித்தான் சொல்வாரு."

நான் தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன்.

"சரி, எங்க போட்ட? எடுத்துக்கலாம்."

"முழுசா விடக்கூடாது சார். விட்டா திரும்ப நல்ல சரக்கு லாட்ல கலந்துரும். ஒவ்வொண்ணா மூலைய வெட்டி, லேப் பின்னாடி எரிச்சாச்சு. குரூப்புல போட்டோ போட்டேனே."

போட்டிருந்தான். 'முன்', 'பின்' என்று இரண்டு படம். முதல் படத்தில் மேலே கவிழ்ந்து கிடந்த ஒரு பிள்ளையார் மட்டும் தெரிந்தார். சேலத்திலிருந்து அதற்குக் கட்டைவிரல் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

பின்பெஞ்சிலிருந்து மஞ்சுளா எழுந்தாள்.

"டேய் சகாயம், என் பொழைப்பை எரிச்சிட்டியேடா! பச்சையில இருக்கிறது எனக்கு முன்னாடியே தெரியும். எனக்கு வேண்டியது மொத்தமும் சிவப்புலதானடா இருந்துச்சு!"

தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது.

"சாக்பீஸ் குடுங்க சார்"

"பதற வேண்டாம், எழுதியவன் நான்தானே" என்று கம்பீரமாகச் சொல்லிப் பலகையில் எழுதத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. பத்தொன்பதில் நின்றேன். நின்றேன் என்றால், சாக்பீஸைப் பலகையில் ஊன்றிக்கொண்டு, இருபதாவது கேள்வி கூரையிலிருந்து இறங்கும் என்பதுபோல மேலே பார்த்துக்கொண்டு நின்றேன்.

காரணம் எளிது. எழுதினேன், உண்மை. ஆனால் அதற்குப் பிறகு ஒருமுறைகூட அவற்றை நான் நினைவிலிருந்து எடுக்கவில்லை. அட்டையைப் பார்த்துப் படித்தேன், அவ்வளவுதான். நான் போதித்த தத்துவத்தை என் மண்டையே நிரூபித்துக் காட்டியது. விஞ்ஞானிக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் அப்படித் தோன்றவில்லை.

மஞ்சுளா விறுவிறுவென்று முன்னால் வந்தாள்.

"சாக்பீஸ் குடுங்க சார்."

எழுதத் தொடங்கினாள். நிறுத்தவேயில்லை. "பின்னாடி சிலுவை போட்ட கார்டு சார். செயல்படுத்தும் ஆற்றல் கூடினா வினைவேகம் என்ன ஆகும்னு. ரோஜாப்பூ கார்டு, தாங்கல் கரைசல். குப்பத்துக் கல்யாணம் ஒண்ணு, தெலுங்குல இருந்துச்சு, வினையூக்கி சமநிலையை நகர்த்துமான்னு. நான் நகர்த்தும்னு எழுதினேன். நீங்க என்னை முறைச்சீங்க."

"நான் எப்பம்மா முறைச்சேன்?"

"முறைச்சீங்க சார். அதான் மறக்கல. ரெண்டு பக்கமும் ஒரே அளவு வேகம் கூட்டும், அதனால நகராது."

வகுப்பு பற்றிக்கொண்டது. "அக்கா, மஞ்சள் ஒட்டின கார்டு!" "அக்கா, கோபுரம் போட்டது! கொதிநிலை ஏற்றம்!" ஆளுக்கொரு மூலையிலிருந்து கத்தினார்கள். தாங்கள் தப்பாக எழுதியது, பக்கத்தில் இருந்தவன் சிரித்தது, சரியான விடை தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டது எல்லாம் கேள்வியோடு சேர்ந்து வந்தன. எனக்கு நினைவில் இல்லாத என் கேள்விகள், அவற்றில் தோற்றவர்களின் வாயிலிருந்து கொட்டின. இடம் போதாமல் கதவிலும் எழுதினார்கள். மணி அடித்தது, யாரும் எழவில்லை. பக்கத்து வகுப்பிலிருந்து கணித ஆசிரியர் சண்டை என்று நினைத்து எட்டிப் பார்த்தார். நான் ஓரத்தில் நின்று, தாலி கட்டும் நேரத்துப் பெண்வீட்டார்போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சாக்பீஸ் தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வகுப்பில் நூற்று முப்பத்தொரு கேள்விகள் மீண்டன. மீதிப் பன்னிரண்டு இன்றுவரை யாருக்கும் நினைவில்லை. சகாயராஜின் சூப்பர்வைசர் அந்தப் பன்னிரண்டைப் பற்றி மட்டும் சரியாகச் சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

மிஷின் நல்லா ஓடும்போதே

மறுநாள் சகாயராஜ் ஒரு பெரிய தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தான். முகத்தில் குற்ற உணர்ச்சி, கையில் ஸ்கேல்.

"சார், ராத்திரியெல்லாம் யோசிச்சேன். இது பி.எம். தானே சார்?"

பி.எம். என்றால் அவர்கள் மொழியில், இயந்திரம் பழுதாகும் முன்பே செய்கிற பராமரிப்பு. ஒவ்வோர் இயந்திரத்தின் மேலும் அட்டவணை தொங்கும். இதைத் தினமும் பார், இதை வாரத்துக்கு ஒருமுறை, இதை மாதத்துக்கு ஒருமுறை.

"நல்லாத்தானே ஓடுதுன்னு விட்டா ஒருநாள் நின்னுரும் சார். மக்கர் பண்ற மிஷினை தினம் பாப்போம். நல்ல மிஷினை வாரம் ஒருவாட்டி. நீங்க சிக்னல் கலர்னு சொன்னீங்க, அதான் குழப்பம். பி.எம்.னு சொல்லியிருந்தா முதல் நாளே முடிஞ்சிருக்கும்."

நான் மூன்று வாரம் அரை ஆயுட்காலம், வளைகோடு, மடக்கை என்று விளக்கியதை அவன் மூன்று வரியில் முடித்தான். தொட்டிகளின் நிறம் தெரியாதபடி பழுப்புத்தாள் ஒட்டினோம். 'தினம்', 'மூன்று நாள்', 'வாரம்' என்று எழுதினோம். அட்டவணை சுவரில் ஏறியது. ஷிப்டு மாறும் வாரங்களையும் அதிலேயே குறித்துவிட்டான். புதிய அட்டைகளுக்குப் பத்திரிகை போதவில்லை. மாணவர்கள் தங்கள் வீட்டுப் பரண்களைக் காலி செய்தார்கள்.

மஞ்சுளா 'தினம்' தொட்டியின் கேள்விகளைத் தனியாக நகல் எடுத்துக்கொண்டு போனாள். கொக்கியில் மாட்டிய பாகங்கள் தொட்டிக்குள் ஊறும் சில நிமிடங்களில் சுவரைப் பார்த்து விடை சொல்வாளாம். பக்கத்தில் நிற்கும் தோழி அத்திப்பள்ளிக்காரி. கன்னடம் மட்டும்தான் தெரியும், வேதியியல் சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் அவள்தான் பரீட்சகர்.

"அவளுக்கு எப்படிம்மா தெரியும், சரியா தப்பான்னு?"

"நான் தயங்கினா 'சுள்ளு'ம்பா சார். பொய் சொல்றேனாம். திரும்பிப் பார்த்தா அது தப்பாத்தான் இருக்கும்."

இருபத்தொரு வருடமாக வாய்மொழித் தேர்வு நடத்துகிறேன். இவ்வளவு துல்லியமான கருவி என்னிடம் இருந்ததில்லை.

கேட்டாங்க சார்

தேர்வு நாளன்று எனக்குக் கல்லூரியில் வேலை எதுவுமில்லை. ஆனாலும் இரு சக்கர வாகன நிறுத்தத்தில் என் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி நேரம் துடைத்தேன். அது வாங்கிய நாளில்கூட அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

மஞ்சுளா வெளியே வந்தாள். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"கேட்டாங்க சார்."

"எது?"

"வினையூக்கி. அரை ஆயுட்காலம். தாங்கல் கரைசல்."

"எழுதினியா?"

"இந்தத் தடவை பக்கம், மூலை, கலர் எதுவும் ஞாபகம் வரல சார். பயந்துட்டேன்." ஹால் டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். "விடைதான் வந்துச்சு."

முடிவு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த மாதம் நான் மெலிந்தேன் என்று எழுத ஆசைதான். அவள் மேலாளர் இரண்டு முறை கேட்டுவிட்டாராம். ஏஜென்சிக்காரர் ஒரு பெண்ணைக் கூட்டிவந்து ஆய்வகத்தைச் சுற்றிக்காட்டிவிட்டும் போய்விட்டாராம். அதைச் சொன்னபோது மட்டும் மஞ்சுளாவின் குரல் இறங்கியது. "கோட்டுகூட அளவு பாத்துட்டா சார் அந்தப் பொண்ணு."

முடிவு வந்த அன்று பல்கலைக்கழக இணையதளம் வழக்கம்போலச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆசிரியர் அறையில் நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ஆலை வாசல் இரைச்சல்.

"சார்... எழுபத்தொண்ணு."

நான் எழுந்த வேகத்தில் டீ வருகைப் பதிவேட்டில் கொட்டியது. "எழுபத்தொண்ணு! எழுபத்தொண்ணு!" என்று வராந்தாவில் ஓடினேன். நாகரத்தினா மேடம் அறையிலிருந்து வெளியே வந்து, "என்னது, உங்க பிரஷரா?" என்றார். விஷயம் தெரிந்ததும் ஒரு கணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பரவால்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அது பாரத ரத்னாவுக்குச் சமம். போர்ஷன் பாக்கி இருந்ததையும் அதே மூச்சில் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை மஞ்சுளா கண்ணாடி அறைக்குள் போனாள். வெள்ளைக் கோட்டோடு ஒரு படம் அனுப்பினாள். தோள் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அளவு பார்த்தது அவள் இல்லையே.

விருந்தினர் உரை

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் புகழ் ஆசை யாரை விட்டது? புதிதாக வந்த இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு மஞ்சுளாவைப் பேச அழைத்தேன். அறிமுகம் என்ற பெயரில் மறதியின் அரை ஆயுட்காலம் பற்றி முப்பத்தைந்து நிமிடம் பேசினேன். வரைபடம் போட்டேன். என் பெயரை நானே இரண்டு முறை சொன்னேன். பிறகு, "இந்த வெற்றிக்குக் காரணம் என்னன்னு மஞ்சுளாவே சொல்லட்டும்" என்று நகர்ந்து நின்று, அடக்கமான முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

மஞ்சுளா இரண்டு நிமிடம் பேசினாள். நோட்டை மூடுங்க, தப்பாவாச்சும் எழுதுங்க, தப்பானதை மறுநாளே திரும்பக் கேட்டுக்கோங்க, என்றாள். முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள்.

"அக்கா, கொஞ்சம் மறந்த பின்னாடிதான் கார்டைத் தொடணும்னு சார் சொன்னாரே. எப்ப மறக்கும்னு எப்படித் தெரியும்?"

மஞ்சுளா நிஜமான மரியாதையோடு என் பக்கம் கை காட்டினாள்.

"அந்தக் கவலையே உங்களுக்கு வேண்டாம். சார் கிளாஸ்ல ஒரு மணி நேரம் உக்காருங்க, வாசப்படி தாண்டுறதுக்குள்ள மறந்துரும். அந்த விஷயத்துல நம்ம சாரை மாதிரி யாருமே வர முடியாது."